காசநோயை எந்தச் சோதனையில் பிடிப்பது? நுண்ணோக்கி, கல்ச்சர், மரபணுச் சோதனை: ஓர் ஒப்பீடு

இரண்டு வாரத்துக்கு மேல் விடாத இருமல். மருத்துவர் சளிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கிறார். அந்தச் சீட்டில் எந்தச் சோதனையின் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்து, பதில் அன்று மாலையே வரலாம், இரண்டு மாதம் கழித்தும் வரலாம், தவறாகவும் வரலாம். மூலக்கூறு உயிரியலால் நமக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் இடம் இதுதான்.

நோயாளிக்குத் தெரிய வேண்டியவை இரண்டு. வந்திருப்பது காசநோய்தானா? ஆம் எனில், வழக்கமான மாத்திரைகள் வேலை செய்யுமா? போட்டியில் உள்ள ஒவ்வொரு சோதனையையும் இந்த இரண்டு கேள்விகளில் உரசிப் பார்த்தால் தரம் தெரிந்துவிடும்.

மூத்தது நுண்ணோக்கி. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை உலகுக்கு அறிவித்தார். அதையொட்டிய ஆண்டுகளில் உருவான சீல்–நீல்சன் சாயமுறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. சளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பூசி, சூடு காட்டிப் பதியவைத்து, கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி, ஆவி எழும்வரை அடியில் தீ காட்டுவார்கள். இந்தக் கிருமியின் மேலுறை மெழுகுத் தன்மை கொண்டது. உள்ளே போன சாயத்தை அமிலம் ஊற்றினாலும் விடாது. சளியில் உள்ள மற்றவை வெளுத்துவிடும். அவற்றின் மேல் மெத்திலீன் நீலம் ஏறும். எண்ணெய்த் துளி விட்டுப் பெரிய லென்சில் பார்த்தால் நீலத்துக்கு நடுவே மெல்லிய செங்கோடுகள் தெரியும். ‘கிருமி இல்லை’ என்று எழுதுவதற்கு முன் குறைந்தது 100 பார்வைப் புலங்களையாவது ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும். பணிச்சுமை மிகுந்த ஆய்வகத்தில் நாள் முழுக்க இப்படிப் பார்ப்பவரின் கண்களை நம்பித்தான் முடிவு இருக்கிறது.

செலவு குறைவு, அன்றே முடிவு. இரண்டும் பெரிய பலம்தான். ஆனால் ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் தகட்டில் ஒன்றிரண்டு கண்ணில் படும். குழந்தைகள், எச்ஐவி உள்ளவர்கள், நோயின் தொடக்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் இந்த எண்ணிக்கைக்குக் கீழேதான் இருப்பார்கள். நம் இரண்டாவது கேள்விக்கோ நுண்ணோக்கியிடம் பதிலே கிடையாது. மருந்துக்குக் கட்டுப்படும் கிருமியும் கட்டுப்படாத கிருமியும் அதன் கண்ணுக்கு ஒரே செங்கோடு.

அடுத்தது வளர்ப்புச் சோதனை. ஆய்வகங்களில் கல்ச்சர் என்றே சொல்வார்கள். முட்டை சேர்த்துத் தயாரித்த, மாலகைட் பச்சை கலந்த ஊடகத்தில் சளியை இட்டுக் கிருமியை வளர்ப்பது. ஒரு மில்லியில் 10 முதல் 100 கிருமிகள் இருந்தாலே போதும், பிடித்துவிடும். வளர்ந்த கிருமிகள் காலிபிளவர் போல வறண்டு, சொரசொரப்பான வெளிர்மஞ்சள் திட்டுகளாகத் தெரியும். அவற்றின் மேல் மருந்தையே செலுத்தி, சாகிறதா பிழைக்கிறதா என்று நேரடியாகப் பார்க்கவும் முடியும். துல்லியத்தில் மற்ற சோதனைகளுக்கெல்லாம் இதுவே உரைகல்.

தடை, காலம். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு அதற்கு 15 முதல் 20 மணி நேரம் வேண்டும். திட ஊடகத்தில் முடிவுக்கு 8 வாரம் வரை ஆகும். திரவ ஊடகத்தில் விரைவாக வரும். ஆனாலும் ‘இல்லை’ என்று சொல்ல 42 நாள் காத்திருக்க வேண்டும். மருந்து எதிர்ப்பைப் பார்க்க மேலும் சில வாரங்கள். அதுவரை நோயாளி என்ன செய்வார்? வேலை செய்யாத மாத்திரையை விழுங்கிக்கொண்டு, வீட்டாரோடு ஒரே அறையில் இருமிக்கொண்டிருப்பார். கல்ச்சரின் துல்லியத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதை முதல் சோதனையாக வைப்பதை ஏற்க மாட்டேன்.

மூன்றாவது வழியில்தான் மூலக்கூறு உயிரியல் நுழைகிறது. இங்கே கிருமியின் உருவமும் வளர்ச்சியும் பொருட்டல்ல. அதன் டிஎன்ஏவில் எழுதியிருப்பதை நேரடியாகப் படித்துவிடலாம். எச்37ஆர்வி என்ற ஆய்வக வகையின் முழு மரபணுத்தொகுதி 1998-இல் வெளியானது. ஏறத்தாழ 44 லட்சம் எழுத்துகள். அதில் ஆர்பிஓபி என்ற மரபணுவின் 81 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு நமக்கு முக்கியம்.

ஏன் அந்தத் துண்டு? உயிரணுவில் டிஎன்ஏவில் உள்ள செய்தியை ஆர்என்ஏவாகப் படியெடுத்து, அதைக் கொண்டு புரதத்தை உருவாக்குகிறார்கள் இயற்கையின் மூலக்கூறு வேலையாட்கள். படியெடுக்கும் நொதியின் பெயர் ஆர்என்ஏ பாலிமரேஸ். காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் அந்த நொதியின் ஒரு பகுதியில் போய் ஒட்டிக்கொண்டு, படியெடுப்பை நிறுத்துகிறது, கிருமி சாகிறது. அந்தப் பகுதியைக் கட்டும் குறிப்பு எழுதியிருப்பது ஆர்பிஓபியில். அங்கே டிசிஜி என்ற மூன்றெழுத்து டிடிஜி என்று மாறினால், புரதத்தில் செரீன் என்ற அமினோ அமிலம் வர வேண்டிய இடத்தில் லியூசின் என்ற வேறொன்று வந்துவிடும். மருந்தால் ஒட்ட முடியாது. 44 லட்சத்தில் ஒரே ஓர் எழுத்து! ரிஃபாம்பிசின் எதிர்ப்பில் சுமார் 95 சதவீதம் அந்த 81 எழுத்துகளுக்குள்ளேயே நடக்கும் மாற்றங்களால் வருவது.

2010 டிசம்பரில் உலகச் சுகாதார அமைப்பு பரிந்துரைத்த ஜீன்எக்ஸ்பர்ட் என்ற கருவி இதைத்தான் படிக்கிறது. நம் ஊர் மருத்துவமனைகளில் சிபிநாட் என்பார்கள். சளியோடு திரவத்தைக் கலந்து கால் மணி நேரம் வைத்து, கார்ட்ரிட்ஜ் என்ற சிறு பெட்டியில் ஊற்றி, இயந்திரத்தில் செருகினால் போதும். உள்ளேயே கிருமி உடைந்து, டிஎன்ஏ பிரிந்து, பிசிஆர் முறையில் பல கோடிப் பிரதிகளாகப் பெருகுகிறது. முதல் வகைக் கார்ட்ரிட்ஜில் அந்த 81 எழுத்துகளின் மேல் ஐந்து ஒளிரும் மூலக்கூறுகள் போய் உட்காரும். ஐந்தும் ஒளிர்ந்தால் மருந்து வேலை செய்யும். எழுத்து மாறிய இடத்தில் ஒன்று ஒளிராமல் போகும். அதுவே எதிர்ப்பின் அடையாளம். இரண்டு கேள்விகளுக்கும் இரண்டு மணி நேரத்தில் பதில். நுண்ணோக்கி ‘இல்லை’ என்று திருப்பி அனுப்பி, கல்ச்சரில் ‘உண்டு’ என்று உறுதியானவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேரை இது பிடிக்கிறது. 2017-இல் பரிந்துரைக்கப்பட்ட அல்ட்ரா கார்ட்ரிட்ஜ் இன்னும் கூர்மையானது.

இதற்குப் போட்டியாகக் கோவாவைச் சேர்ந்த ஒரு நிறுவனம் கொண்டுவந்தது ட்ரூநாட். 2020-இல் உலகச் சுகாதார அமைப்பின் ஒப்புதல் கிடைத்தது. டிஎன்ஏ பிரிப்பதும் பெருக்குவதும் இதில் தனித்தனிக் கருவிகளில் நடக்கும். ரிஃபாம்பிசின் எதிர்ப்புக்குத் தனிச் சில்லு வேண்டும். கைவேலை கூடுதல்தான். ஆனால் மின்கலத்தில் ஓடும். ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கோ நிலையான மின்சாரமும் 30 டிகிரியைத் தாண்டாத அறையும் தேவை. கோடையில் மின்வெட்டு வரும் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு ட்ரூநாட், நாள் முழுக்க மாதிரிகள் குவியும் மாவட்ட மருத்துவமனைக்கு ஜீன்எக்ஸ்பர்ட் என்பது என் தேர்வு.

மரபணுச் சோதனைக்கும் குருட்டு இடங்கள் உண்டு. ஆப்பிரிக்க நாடான எஸ்வாத்தினியில் 2009-இல் நடந்த கணக்கெடுப்பில் பன்மருந்து எதிர்ப்புக் கிருமிகளில் ஏறத்தாழ 30 சதவீதத்தில், அந்த 81 எழுத்துகளுக்கு வெளியே ஒரு மாற்றம் இருந்தது. கார்ட்ரிட்ஜ் அதைப் பார்க்காது. இன்னொரு முக்கிய மருந்தான ஐசோநயாசிடுக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்பதும் இந்தச் சோதனையில் தெரியாது. அதற்கு வேறு மரபணுக்களைப் படிக்கும் எல்பிஏ போன்ற சோதனை வேண்டும்.

இரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்களைத் தேடிக் காசநோயைச் சொல்வதாக விற்கப்பட்ட சோதனைகளையும் குறிப்பிட்டே ஆக வேண்டும். இல்லாத நோயை இருப்பதாகவும், இருப்பதை இல்லையென்றும் காட்டி ஏழைகளின் பணத்தைத் தின்றவை அவை. உலகச் சுகாதார அமைப்பு 2011-இல் அவற்றை வேண்டாம் என்றது. இந்தியா 2012-இல் தடை செய்தது. அத்தகைய சோதனையை இன்று யாராவது எழுதிக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள்.

முதல் சோதனை மரபணுச் சோதனையாகவே இருக்கட்டும். அரசு மையங்களில் அது இலவசம். கேட்டு வாங்குங்கள். எச்சிலைத் துப்பிக் கொடுக்காமல், ஆழமாக இருமி வரும் சளியைக் கொடுங்கள். சிகிச்சை தொடங்கிய பிறகு குணமாகிறதா என்று பார்க்க மட்டும் இதே சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லாதீர்கள்: செத்த கிருமியின் டிஎன்ஏ உடலில் நீண்ட நாள் தங்கும், இயந்திரம் அதையும் ‘உண்டு’ என்றே காட்டும். அந்தக் கட்டத்தில் நுண்ணோக்கியும் கல்ச்சரும்தான் உங்கள் மருத்துவருக்குத் தேவை.