நூறு நாள் வேலையா, உரிமைத் தொகையா, ஓய்வூதியமா: டெல்டாவின் நிலமற்ற குடும்பத்தை எது தாங்குகிறது?

திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் சொந்த நிலமில்லாத விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள், வயல் வேலை இல்லாத மாதங்களில் ரேஷன் அரிசியோடு பெரும்பாலும் மூன்று வகை அரசுப் பணத்தை நம்பியிருக்கின்றன: நூறு நாள் வேலைக் கூலி, கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, முதியோர் ஓய்வூதியம். இவற்றில் எது அதிகம் தருகிறது என்பது ஒரு கேள்வி. எது கடனில் விழாமல் காக்கிறது என்பது வேறு கேள்வி.

தொகையை மட்டும் பார்த்தால் நூறு நாள் வேலைக்குப் போட்டியே இல்லை. 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். நூறு நாளும் முழுக் கூலி கிடைத்தால் ஆண்டுக்கு 33,600. 2023 செப்டம்பரில் தொடங்கிய உரிமைத் தொகை மாதம் 1,000 வீதம் 12,000. ஓய்வூதியம் மாதம் 1,200 வீதம் 14,400. ஆனால் நூறு நாள் கூலி அளவெடுத்துத் தரப்படுவது. வெட்டிய மண் குறைந்தால் கூலியும் குறையும். நூறு நாளும் வேலை கிடைக்கும் வீடு அரிது. பணம் எந்தத் தேதியில் வரும் என்பதும் நிச்சயமில்லை.

டெல்டாவில் இதைவிடப் பெரிய சிக்கல் பருவம். சம்பா அறுவடை முடிந்ததிலிருந்து ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்கப்படும் வரை (திறக்கத் தண்ணீர் இருந்தால்) வயலில் வேலை மிகக் குறைவு. வாய்க்கால், குளம் தூர்வாரும் நூறு நாள் வேலை அப்போது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் வயல் வேலையும் மண் வேலையும் சேர்ந்தே நின்றுவிடும். குழுக்கடன் தவணை மட்டும் நிற்காது. தவணை வசூலிப்பவர் நோட்டோடு திண்ணையில் வந்து உட்காரும் அந்த மாதங்களில், 15ஆம் தேதியை ஒட்டிக் கணக்கில் விழும் ஆயிரம் ரூபாய்தான் காதில் கிடக்கும் தோட்டை அடகுக் கடைக்குப் போகாமல் தடுக்கிறது. அடகு வைத்த நகை வட்டி கட்ட வழியின்றி மூழ்கிப்போவதும், பிறகு வீட்டு ஆண்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்புவதும் இங்கே பல குடும்பங்கள் சரிந்த வழி. ஆகவே வருமானத்துக்கு நூறு நாள் வேலை, சரிவைத் தடுக்க உரிமைத் தொகை என்பதே என் கணிப்பு.

நூறு நாள் வேலையால் வயலுக்கு ஆள் கிடைப்பதில்லை என்பது நிலக்காரர்களின் நெடுநாள் புலம்பல். அறுவடை இயந்திரமும் நடவு இயந்திரமும் பறித்துக்கொண்ட வேலைநாட்கள் அந்தப் புலம்பலில் இடம்பெறுவதில்லை. நூறு நாள் வேலைச் சட்டத்துக்கு மாற்றாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் 125 நாள் வேலை என்று சொன்னாலும், விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள் பணிகளை நிறுத்திவைக்க வகை செய்கிறது. இயந்திரம் இறங்கிவிட்ட ஊரில் அந்த 60 நாளும் தொழிலாளிக்கு வயலிலும் வேலையில்லா நாட்களாகிவிடலாம்.

உரிமைத் தொகை ஒரு ரேஷன் அட்டைக்கு ஒரு பெண்ணுக்கே. ஒரே அட்டையில் இரண்டு மருமகள்கள் இருந்தாலும் ஒருவருக்குத்தான். மாமியாரின் ஓய்வூதியம் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும். எனினும் அதை நம்பிப் புதுக் கடன் எடுப்பது ஆபத்து: பெரியவர் காலமானதும் பணம் நின்றுவிடுகிறது, காரியச் செலவும் அப்போதுதான் வருகிறது.