பெரியமேட்டில் அடித்த 73-ஆம் நம்பர் ஜெர்சி

சென்னை பெரியமேட்டில், நேரு ஸ்டேடியம் பக்கம் உள்ள ஒரு சின்ன கடையில் போன மாதம் பழுப்பு நிற ஜெர்சி ஒன்று அடித்து வாங்கினேன். முதுகில் ‘தாமஸ்’, நம்பர் 73. "தோனி 7, கோலி 18 தெரியும். இது யாரு தம்பி?" என்றார் கடை அண்ணன்.

ஜோ தாமஸ். அமெரிக்கன் ஃபுட்பாலில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் லெஃப்ட் டேக்கிள். குவாட்டர்பேக் பந்தை எறியும்வரை எதிராளியை அவரிடம் அண்டவிடாமல் மறிப்பதுதான் வேலை. தன் கைக்குப் பந்து வராது. 2007-இல் வந்தவர், 2017 அக்டோபரில் மேற்கைத் தசை கிழியும்வரை, தொடர்ந்து 10,363 ஸ்னாப்கள் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்), ஒன்றைக்கூட விடாமல் ஆடினார். அத்தனை வருஷத்தில் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட வாய்க்கவில்லை. என்னை உலுக்குவது அதுதான். தோற்கிற அணிக்காக ஒவ்வொரு முறையும் குனிந்து நின்றிருக்கிறார். 2023-இல், அந்த ஆட்டத்தின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்.

நான் இதையெல்லாம் சொல்லச் சொல்ல, அண்ணன் ஹீட் பிரஸ்ஸை அப்படியே விட்டுவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். "அப்போ இந்த நம்பர் கோணாம விழணும்" என்று சொல்லி, ஸ்கேல் வைத்து அளந்துதான் ஒட்டினார்.

3-இன் கீழ் வளைவில் வினைல் லேசாகத் தூக்கியிருந்தது. காட்டியதும் மறுபேச்சில்லாமல் பட்டர் பேப்பர் வைத்துத் திரும்ப அழுத்திக் கொடுத்தார். நாலு தடவை துவைத்தாயிற்று, ஓரம்கூட உரியவில்லை. 480 ரூபாய்க்கு இது நல்ல வேலை. துணிதான் நம்ம ஊர் வெயிலுக்குக் கனம். மெல்லிசாக வேண்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அப்புறம், காலையிலேயே போய்விடுங்கள். சாயந்திரம் ஸ்கூல் டீம் ஆர்டர்களில் அண்ணனுக்கு நிற்க நேரமிருக்காது.