வெட்டுமுகம் வரைந்து பன்னிரண்டு வருசம்: பலகையும் ஆட்டோகேடும்

2012 இல் ஹட்டன் டவுனில் வாங்கிய ஏ2 வரைபலகை இன்னும் வீட்டில் இருக்கிறது. அதில் படித்ததை வைத்துத்தான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில் (பெக்டரியை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள்) மெசின் வேலைக்குச் சேர்ந்தேன். கொழுந்தைச் சுருட்டும் ரோலர், நறுக்கும் ரொட்டர்வேன், உலர்த்தும் டிரையர் எது நின்றாலும் தேய்ந்த சாமானைக் கழற்றி, அளந்து, படம் போட்டு லேத்துக்கு அனுப்புவது என் பொறுப்பு. அந்தப் படங்களில் பாதிக்கு மேல் வெட்டுமுகம்தான், அதாவது சாமானை வெட்டியதுபோல் உள்ளே இருப்பதைக் காட்டும் படம்.

படிக்கும்போது வெட்டுமுகம் என்றால் வெட்டிய இடத்தில் 45 பாகையில் ஹெச்சிங் (நெருக்கமான சாய்கோடுகள்) போடுவது என்றுதான் நினைத்திருந்தேன். வேலைக்கு வந்து முதல் மாதமே அந்த நினைப்பு போய்விட்டது. ரோலரைச் சுற்றும் மூன்று கிராங்கில் ஒன்றின் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தது. வெளியே பார்த்தால் வெறும் உருளை. உள்ளே ஒரு படி, எண்ணெய் ஓட ஒரு காடி, குறுக்கே ஒரு துளை. முழுவதையும் மறைகோட்டில் (வெளியே தெரியாததைக் காட்டும் துண்டுக்கோடு) வரைந்து கொடுத்தேன். லேத்கார மாமா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல எது காடி, எது ஓட்டைன்னு நீயே வந்து பக்கத்துல நில்லு" என்றார். அன்றிரவே அரை வெட்டுமுகமாக மாற்றினேன். மேல் பாதி வெட்டியது, கீழ்ப் பாதி வெளித்தோற்றம், இரண்டையும் பிரிப்பது மையக்கோடு மட்டும். அந்த இடத்தில் தடித்த கோடு போடக் கூடாது. மறைகோடுகளை இரண்டு பாதியிலுமே போடாமல் விட்டுவிடலாம். மறுநாள் மாமா ஒன்றும் கேட்கவில்லை, சாமானை லேத்தில் பூட்டிவிட்டார்.

பெரிய அடி வாங்கியது பெயரிங் பிராக்கெட் ஒன்றில். வட்ட அடித்தட்டு, நடுவே பெயரிங் உட்காரும் உருளை, இரண்டையும் பிடித்துக்கொள்ள நாலு ரிப் (மெல்லிய முக்கோணத் தட்டு). வெட்டுத்தளம் சரியாக இரண்டு ரிப்பின் நடுவால் போனது. வெட்டியதற்கெல்லாம் கோடு போடணும் என்று அந்த முக்கோணங்களுக்கும் சேர்த்து ஹெச்சிங் போட்டேன். கிடைப்படம் (மேலிருந்து பார்க்கும் படம்) போடச் சோம்பல், ஒரு படம் போதாதா என்று அனுப்பிவிட்டேன். பெட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி) செய்தவர் கண்ணுக்கு அது கெட்டியான கூம்பாகத் தெரிந்திருக்கிறது, கூம்பாகவே வார்த்துவிட்டார்கள். லொறியில் இருந்து இறக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது, நான் வரைந்தது கூம்பேதான்.

ரிப்பின் நீளவாக்கில் வெட்டினால் ஹெச்சிங் போடாதே என்ற விதியைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருந்தேன். ஏன் என்று புரிந்தது அந்த இரும்பைத் தூக்கிய அன்றுதான். தண்டு, போல்ட், நட், சாவி (தண்டில் சில்லைப் பூட்டும் துண்டு), ரிவெட், பெயரிங் குண்டு, சில்லின் ஆரை எல்லாம் இதே கணக்கு. ஆனால் நீளவாக்கில் மட்டும். அதே தண்டைக் குறுக்கே வெட்டினால் ஹெச்சிங் உண்டு. இதை மாற்றிப் புரிந்துகொண்டவர்கள் எத்தனையோ பேர்.

பலகையைப் பற்றிச் சொல்வதென்றால், கைக்கு நல்லது, எங்கள் ஊர்க் காற்றுக்கு ஆகாது. மே மாதம் மழை பிடித்தால் ராத்திரி ஒட்டிவைத்த தாள் காலையில் அலை அலையாக எழும்பி நிற்கும். 2எச் பென்சில் ஈரத்தாளைக் கீறும், எச்பி பூசிவிடும். ஹெச்சிங் இடைவெளி மட்டும் கடைசிவரை பிசகவில்லை. 45 பாகை மூலைமட்டத்தின் அடிப்பக்கம், விளிம்பிலிருந்து 3 மில்லிமீற்றர் தள்ளி, கவராய முனையால் ஒரு கீறல். அந்தக் கீறலை முந்திய கோட்டின் மேல் வைத்து அடுத்த கோட்டை இழுத்தால் போதும், அளக்கவே வேண்டாம்.

ஒருமுறை ஸ்டோர் மேல்மாடியில் வெள்ளைக்காரன் காலத்து ரோலர் படம் ஒன்று சுருட்டிக் கிடந்தது. வெட்டிய இடங்களில் ஹெச்சிங்கே இல்லை, நிறம் பூசியிருந்தார்கள், பித்தளைக்கு மஞ்சள். பிரித்தானியர் பொறியியல் வரைபடத்துக்கென்று பிஎஸ் 308 என்ற நியம விதிகளை வெளியிட்டது 1927 இல், இந்தப் படம் அதற்கும் முந்தியதாக இருக்கலாம். தூரிகை பிடிக்கத் தெரிந்தவன் வரைந்தது. எனக்குப் பொறாமைதான்.

2016 இல் கணினியில் படம் வரையும் ஆட்டோகேடுக்கு மாறினேன். வேகம் என்றால் வேகம். ஆனால் ஹெச்சிங்கில் அதற்கென்று சில குணம் உண்டு. ஆன்சி31 என்ற ஹெச்சிங் கோலம் பிறவியிலேயே 45 பாகையில் சாய்ந்தது. அது தெரியாமல் கோணப் பெட்டியில் 45 என்று கொடுத்தால் கோடுகள் செங்குத்தாக நிற்கும். அடுத்த பாகத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்க்க 90 கொடுக்கணும். அங்குலக் கோலத்தை மில்லிமீற்றர் படத்தில் போட்டுவிட்டால் இடைவெளி 0.125 ஆகி முழுக் கறுப்பாகிவிடும். கறுப்பு நிரப்பல் கேஸ்கட் போன்ற மெல்லிய சாமானுக்கு உரியது, ஆகவே வாசிப்பவர் வேறு அர்த்தம் எடுப்பார். புறக்கோடு எங்காவது முடி அளவு திறந்திருந்தால் மூடிய எல்லை இல்லை என்று அடம்பிடிக்கும். ஆரம்பத்தில் எரிச்சல் வந்தது. இப்போது அதையே என் கோடுகளுக்குச் சோதனையாக வைத்திருக்கிறேன்.

முப்பரிமாணத்தில் வரையும் சொலிட்வேர்க்ஸும் கொஞ்ச நாள் பார்த்தேன். வெட்டிக் காட்டுவது ஒரு சொடுக்கில் முடியும். ரிப்பை ரிப் என்ற கட்டளையால் செய்திருந்தால் அதை வெட்டாமல் விடு என்று சொல்லலாம். சும்மா ஒரு தட்டாக இழுத்துச் செய்திருந்தால் அதற்கும் ஹெச்சிங் போட்டுத்தான் தரும். என் பழைய பிழையை இப்போது மெசினே செய்கிறது.

அண்ணன் மகன் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு படிக்கிறான். 2013 இல் அந்தப் பிரிவு வந்த பிறகு எங்கள் பிள்ளைகளும் கொஞ்சப் பேர் இந்தப் பக்கம் வருகிறார்கள். பலகை இப்போது அவனிடம். போன வாரம் படியாக மடங்கும் வெட்டுத்தளம் ஒன்றை வரைந்துவிட்டு, மடங்கும் இடத்தில் வெட்டுமுகத்தில் ஒரு கோடு போட்டிருந்தான். "அங்க வெட்டு திரும்புதே சித்தப்பா?" என்றான். வெட்டு திரும்பினாலும் அங்கே பொருளில் விளிம்பு கிடையாது, ஆகவே கோடும் கிடையாது. வெட்டுத்தளக் கோட்டின் நுனியில் போடும் அம்பைப் பற்றிக் கேட்டதற்கு, முதற்கோண எறியத்தில் (படங்களை அடுக்கும் இரண்டு முறைகளில் ஒன்று) அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறதோ படத்தையும் அந்தப் பக்கமே போடு என்றேன். மூன்றாம் கோணத்தில் இது தலைகீழ்.

இன்னும் தீராத தலைவலி பிரின்ட். டவுனில் நான் போகும் கடையில் ஏ4 தான் எடுப்பார்கள். ஏ2 படம் ஏ4 ஆனால் எல்லாம் பாதியாகிவிடும். கோட்டுத் தடிப்பை மில்லிமீற்றரில் புறக்கோடு 0.5, ஹெச்சிங் 0.25 என்று ஒழுங்காக வைத்தால் ஹெச்சிங் 0.13 க்குக் கீழே இறங்கி, போட்டோகொப்பியில் காணாமலே போகும். ஆகவே 0.7 உம் 0.35 உம் வைத்துக்கொள்கிறேன், இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் அப்படியே இருக்கும். லேத்கார மாமாவுக்கு அறுபது தாண்டியாச்சு, கண்ணாடி முழுக்க எண்ணெய். அதற்கும் சேர்த்துத்தான் தடிப்பு.