பழுதான நினைவகப் பக்கம்: லினக்ஸ் கெர்னலில் எந்த வழி எதற்கு?

ரேமில் ஓரிடம் பழுதாகிவிட்டால் அதைக் கழற்றி மாற்றுவதே உறுதியான தீர்வு. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை நினைத்த நேரத்தில் நிறுத்திவிட முடியாது. இயங்குதளத்தின் மையமான கெர்னல், நினைவகத்தைப் பக்கங்கள் என்னும் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கையாள்கிறது. 16 ஜிபி நினைவகத்தில் 4 கேபி அளவுள்ள பக்கங்கள் 41,94,304 இருக்கின்றன. அவற்றில் ஒன்று குறைவதால் யாருக்கும் நட்டமில்லை. ஆகவே, கெட்டுப்போன பக்கத்தை எந்தக் கட்டத்தில், யாருக்கு எவ்வளவு இழப்போடு ஒதுக்குவது என்பதில்தான் வழிகள் வேறுபடுகின்றன.

இசிசி (நினைவகப் பிழையை வன்பொருளே கண்டு திருத்தும்) வசதியில்லாத வீட்டுக் கணினிக்குத் தெரிவு என்று பெரிதாக எதுவும் இல்லை. பிழை நேர்ந்ததை அந்த வன்பொருள் கெர்னலிடம் சொல்வதே இல்லை என்பதால், மெம்டெஸ்ட் போன்ற சோதனை நிரலால் முகவரியைக் கண்டுபிடித்து, துவக்கத்தின்போதே கெர்னலுக்குத் தரும் 'மெம்மேப்' அளவுருவின் மூலமோ துவக்க நிரலான கிரப்பின் 'பேட்ரேம்' கட்டளையின் மூலமோ அதை மறைக்க வேண்டும். மெம்மேப்பில் அளவுக்கும் முகவரிக்கும் இடையே வரும் டாலர் குறியை, முன்னால் பின்சாய்கோடு இடாவிட்டால், கிரப் மாறியின் பெயராகக் கருதி விழுங்கிவிடும். மறைத்தாயிற்று என்று நம்பிக்கொண்டிருப்போம். பக்கமோ புழக்கத்திலேயே இருக்கும்.

இசிசி உள்ள சர்வரில்தான் உண்மையான போட்டி தொடங்குகிறது. அங்கே வழக்கமாக ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 சரிபார்ப்பு பிட்டுகள் இருப்பதால், ஒரு பிட் பிழையை வன்பொருளே திருத்திவிட்டுக் கணக்கில் ஏற்றுகிறது. ஒரே பக்கத்தில் இப்படித் திருத்தங்கள் குவிந்தால் (வன்பொருள் பிழைகளைப் பதிவுசெய்யும் எம்சிஇலாக் நிரலின் இயல்பு வரம்பு 24 மணி நேரத்தில் 10) சாஃப்ட் ஆஃப்லைன் வேலைக்கு வருகிறது: உள்ளடக்கம் இன்னும் நலமாக இருக்கும்போதே கெர்னல் அதை வேறு பக்கத்துக்கு நகர்த்திவிட்டுப் பழையதைப் புழக்கத்திலிருந்து எடுத்துவிடுகிறது. எந்த ப்ராசஸும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) சாவதில்லை.

ஹார்ட் ஆஃப்லைன் திருத்த முடியாத பிழைக்கு உரியது. 2009இல் வெளியான 2.6.32 பதிப்பில் கெர்னலுக்குள் வந்தது. இதில் இழப்பின் அளவு பக்கத்தின் வகையைப் பொறுத்தது. யாரும் பயன்படுத்தாத பக்கமாக இருந்தால் ஒதுக்கிவிட்டால் போதும். கோப்பின் மாறாத நகலாக இருந்தால் தூக்கியெறிந்துவிட்டு வட்டிலிருந்து மீண்டும் படித்துக்கொள்ளலாம். ப்ராசஸின் சொந்தத் தரவாக இருந்தால் அதைக் கொல்லும் சிக்பஸ் சிக்னல்தான். கெர்னல் தன் சொந்தத் தரவை வைத்திருக்கும் ஸ்லாப் பக்கமாக இருந்தால் மீட்க வழியே இல்லை. இவற்றுள் என்னை அதிகம் உறுத்துவது, மாற்றப்பட்டும் வட்டில் எழுதப்படாத கோப்புப் பக்கம். கெர்னல் பதிவில் 'ரிக்கவர்ட்' (மீட்கப்பட்டது) என்று வரும். ஆனால் எழுதிய தரவு போயே போயிற்று. தரவை வட்டில் எழுதச் சொல்லும் அடுத்த எஃப்சிங்க் அழைப்பில் வரும் உள்ளீட்டுப் பிழையைச் செயலி கவனிக்காமல் விட்டால், பிறகு படிக்கும்போது வட்டில் கிடக்கும் பழைய பிரதியே கிடைக்கும்.

ஹார்ட் ஆஃப்லைனுக்குள்ளேயே இன்னொரு தெரிவு உண்டு: ப்ராசஸை முன்கூட்டிக் கொல்வதா, பழுதான பக்கத்தைத் தொட்டால் மட்டும் கொல்வதா? ப்ராசஸர் பழுதான தரவைப் படித்தேவிட்டால் இந்தக் கேள்விக்கே இடமில்லை, சிக்னல் உடனே போய்விடும். பின்னணியில் நினைவகத்தைத் துழாவும் ஸ்க்ரப்பர் பிழையைக் கண்டுபிடிக்கும்போதுதான் இது எழும். இயல்பமைப்பு, தொட்டால் மட்டும் கொல்வது. பெரும்பாலான செயலிகளுக்கு அதுவே சரி, ஏனெனில் அந்தப் பக்கத்தை அவை மறுபடி தொடாமலே முடித்துவிடக்கூடும். மெய்நிகர் கணினிகளை இயக்கும் க்யூஎம்யூ போன்றவற்றுக்கு முன்கூட்டிய சிக்னல் நல்லது. அது அந்தச் செய்தியை தன்னுள் ஓடும் விருந்தினர் இயங்குதளத்துக்குக் கடத்தினால், மெய்நிகர் கணினி முழுவதும் சாகாமல் உள்ளே ஒரு ப்ராசஸோடு சேதம் முடியக்கூடும். பிஆர்சிடிஎல் என்னும் கெர்னல் அழைப்பின் மூலம் ப்ராசஸ்தோறும் இதைத் தனித்தனியே அமைக்கலாம் என்பதால், முழு இயங்குதளத்துக்கும் முன்கூட்டிக் கொல்வதை இயக்குவதற்குத் தக்க காரணம் எனக்குத் தெரியவில்லை.

சாஃப்ட் ஆஃப்லைனையே எங்கும் இயக்கிவிடலாமே என்றால், 1 ஜிபி அளவுள்ள ஹியூஜ் (பெரும்) பக்கங்கள் குறுக்கே நிற்கின்றன. ஒரேயொரு 4 கேபி துண்டை ஒதுக்குவதற்காக அந்த முழுப் பக்கத்தையும் கலைக்க வேண்டியிருப்பதால், பழுது அற்பமாகவும் நட்டம் பெரிதாகவும் முடியும். இத்தகைய பக்கங்களைப் பயன்படுத்தும் சர்வர்களில் சாஃப்ட் ஆஃப்லைனை அணைத்துவைப்பதே மேல். மற்ற சர்வர்களில் அது இயங்கட்டும். ஆனால் எந்த ஆஃப்லைனும் ரீபூட்டைத் தாண்டி நினைவில் நிற்காது. நினைவக நிலவரத்தைக் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பில் 'ஹார்ட்வேர் கரப்டட்' எண் ரீபூட்டுக்குப் பின் சுழியத்துக்குத் திரும்பினாலும் ரேமை மாற்றும் வேலை அப்படியே நிலுவையில் இருக்கும்.