படித்ததையே படிப்பதா, மூடிவைத்து எழுதிப் பார்ப்பதா?

முதலாண்டு வெப்ப இயக்கவியல் தேர்வு. என்ட்ரோபி பற்றி ஒரு கேள்வி. அதற்கான விடை புத்தகத்தில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும்: இடதுபக்கம், கீழ்மூலை, மஞ்சள் ஹைலைட்டர் கோடு, பக்கத்திலேயே பேனா மை கசிந்த ஒரு பொட்டு. அந்தப் பொட்டுகூட இன்றுவரை கண்ணில் நிற்கிறது. கோட்டுக்குள் என்ன எழுதியிருந்தது என்பதுதான் கடைசி மணி அடிக்கும்வரை வரவில்லை. அந்தப் பாடத்தை ஆறு தடவை படித்திருந்தேன்.

பள்ளியில் கைகொடுத்த முறையையே பல்கலைக்கழகத்துக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். இங்கே பாடம் பெரிது, கேள்வி புத்தகத்தில் உள்ளபடி வராது, படித்தாயா என்று தினமும் கேட்க ஆளும் இல்லை. ஆகவே ஒன்றுக்கொன்று போட்டியான சில முறைகளை எடைபோட்டுப் பார்ப்போம். படிக்கும்போது சுகமாக இருக்கிறதா என்று பார்த்தால் ஏமாந்துபோவோம். ஒரு வாரம் கழித்து மண்டையில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

திரும்பத் திரும்பப் படிப்பது / மூடிவைத்து எழுதுவது

இந்த ஜோடியைச் சோதித்தவர்களில் முக்கியமானவர்கள் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற உளவியலாளர்கள். 2006இல் வெளிவந்த ஆய்வு. மாணவர்களுக்கு உரைநடைப் பத்தி ஒன்றைக் கொடுத்தார்கள். சிலர் அதை மறுபடி படித்தார்கள். சிலர் அதைப் பார்க்காமல், நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களே முன்னால்: 81 சதவீதத்துக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கதை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்கு 56, படித்தவர்களுக்கு 42.

அவர்களுடைய அடுத்த சோதனை இன்னும் சுவாரசியமானது. நான்கு அமர்வுகளிலும் படித்துக்கொண்டே இருந்தவர்கள் அந்தப் பத்தியைச் சராசரியாக 14 தடவை படித்திருந்தார்கள். முதல் அமர்வில் மட்டும் படித்துவிட்டு மற்ற மூன்றிலும் எழுதிப் பார்த்தவர்கள் மூன்று நான்கு தடவைதான் படித்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து முன்னவர்கள் 40 சதவீதம், பின்னவர்கள் 61. ‘இது நமக்கு நன்றாக நினைவிருக்கும்’ என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் யார் தெரியுமா? அந்த 14 தடவைக்காரர்கள். பழகிய பக்கத்தைப் பார்க்கும்போது வரும் ‘இது தெரியும்’ என்ற உணர்வும், தெரிந்திருப்பதும் வேறு வேறு. என் மைப்பொட்டு அதற்குச் சாட்சி.

செய்யும் விதம் எளிது, செய்யத்தான் கசக்கும். ஒரு பகுதியைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளை எடுத்து, தெரிந்ததை எழுத வேண்டும். முதல் நான்கு வரி சரசரவென்று வரும். ஐந்தாவதில் ‘ஆகவே’ என்று எழுதிவிட்டுப் பேனா நின்றுவிடும். எதனால் ‘ஆகவே’? அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு மேலே போகலாம். முடித்தபின் புத்தகத்தைத் திறந்து, வட்டம் போட்ட இடங்களை மட்டும் பார்த்து, வேறு நிற மையில் திருத்தினால் போதும். அரைமணி நேரம் படித்துவிட்டு முக்கால் தாள் வெறுமையாக இருப்பதைப் பார்ப்பது அவமானமாகத்தான் இருக்கும். பலர் இந்த முறையைக் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

திரும்பப் படிப்பதை அடியோடு ஒதுக்கச் சொல்லவில்லை. ஒரு கடினமான நிரூபணம் முதல் வாசிப்பில் பிடிபடாவிட்டால் இரண்டாம், மூன்றாம் வாசிப்பு தேவைதான். புரியாததை மூடிவைத்து எழுதினால் பொருள் தெரியாத சொற்கள்தான் மிஞ்சும். புரிந்த பிறகும் படித்துக்கொண்டே இருப்பதுதான் நேரத்தைத் தின்கிறது. ஹைலைட்டரைப் பற்றி ஒரு வார்த்தை: ஜான் டன்லோஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2013இல் பத்துப் படிப்பு முறைகளை மதிப்பிட்டபோது, அடிக்கோடிடுவதும் மறுவாசிப்பும் குறைந்த பயனுள்ளவை என்ற வரிசையில்தான் இடம்பெற்றன. தன்னைத்தானே சோதிப்பதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேல்வரிசையில்.

ஒரே மூச்சில் / இடைவெளி விட்டு

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று கணக்கிட்டு 1885இல் புத்தகமாகப் போட்டார். முதல் சில மணிநேரத்திலேயே பெருமளவு போய்விடுகிறது. பிறகு மறதியின் வேகம் குறைகிறது. ஆகவே ஆறு மணி நேரத்தை ஒரே நாளில் கொட்டுவதைவிட மூன்று நாளுக்கு இரண்டிரண்டாகப் பிரிப்பது லாபம்.

முதலில் படிப்பதற்கும் மறுபடி பார்ப்பதற்கும் எவ்வளவு இடைவெளி? 1,350க்கும் மேற்பட்டவர்களை வைத்து நிக்கோலஸ் செபெடா குழு 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒரு கணக்குச் சொல்கிறது. தேர்வு ஒரு வாரம் தள்ளி என்றால், அந்தக் காலத்தில் 20 முதல் 40 சதவீதம், அதாவது ஒன்றரை நாளிலிருந்து மூன்று நாள். ஓராண்டு நினைவிருக்க வேண்டுமென்றால் 5 முதல் 10 சதவீதம், ஏறக்குறைய மூன்றிலிருந்து ஐந்து வாரம். இதை நாள்காட்டியில் குறித்து வைக்காவிட்டால் நடக்காது. ‘அடுத்த வாரம் பார்ப்போம்’ என்ற அடுத்த வாரம் வந்ததே இல்லை.

ஒரே வகைக் கணக்கு / கலந்த கணக்கு

கணிதம், இயற்பியல், புள்ளியியல் படிப்பவர்களுக்கு இது. டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007இல் வெளியிட்ட சோதனையில், நான்கு வகைத் திண்ம உருவங்களின் கனஅளவைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஒரு வகையை முடித்துவிட்டே அடுத்த வகைக்குப் போனவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள்; கலந்து பயின்றவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முன்னவர்கள் 20, பின்னவர்கள் 63.

பாடமுடிவில் இருக்கும் பயிற்சிக் கணக்குகளை வரிசையாகப் போடும்போது, எந்தச் சூத்திரம் என்பதைப் பாடத்தின் தலைப்பே காட்டிக்கொடுத்துவிடுகிறது. தேர்வுத்தாளில் அந்தத் தலைப்பு இருக்காது. நான் மூன்று பாடங்களின் கணக்குகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக் குலுக்கி எடுப்பேன். முதல் வாரம் வெறுத்துப்போகும்.

கையால் குறிப்பா, லேப்டாப்பா

கையால் எழுதுபவர்களுக்கே கருத்து நன்றாகப் பதிகிறது என்று 2014இல் வந்த ஆய்வு பரபரப்பாகப் பேசப்பட்டது; 2019இல் அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால் இதில் அதிகம் மல்லுக்கட்ட வேண்டாம். விரிவுரையாளர் சொல்வதை அப்படியே தட்டச்சு செய்யாமல் உங்கள் சொல்லில் எழுதினால் எதில் எழுதினாலும் சரி. லேப்டாப்பில் வேறு ஜன்னல் திறக்காமல் இருக்க முடியுமா என்பதுதான் உண்மையான கேள்வி.

தனியாகவா, கூட்டாகவா

கூட்டுப் படிப்பில் ஒருவர் விளக்க, மற்றவர்கள் தலையாட்டினால், படிப்பு ஏறுவது விளக்குபவருக்கு மட்டும்தான். தனியாக மூடிவைத்து எழுதிவிட்டு, வட்டம் போட்ட இடங்களோடு கூடுவதே நல்லது. நாங்கள் மூன்று பேர் அப்படிக் கூடியபோது மூவருடைய வட்டமும் ஒரே வரியில் விழுந்த நாள் உண்டு. அன்று அந்தத் தாள்களையே எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக் கதவைத் தட்டினோம்.