பாண்டு தொகைக்கு வீட்டை இன்சூர் செய்யாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் முதல் வீடு வாங்கப் போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். தெரிந்தவர்தானே என்று ஒரு புரோக்கரை நம்பி வீட்டு இன்சூரன்ஸை ஒப்படைக்க நினைப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

நாங்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பழைய கவுன்சில் வீடு, அதாவது நகராட்சி கட்டிய வீடு, வாங்கினோம். விலை 9,50,000 ராண்ட். அதில் 8,50,000 பேங்க் பாண்டு, அதாவது வீட்டுக் கடன். பாண்டு போட்டால் கட்டடத்துக்கு இன்சூரன்ஸ் வேண்டும் என்று பேங்க் கேட்கும். ஆனால் பேங்க் காட்டும் பாலிசியையே எடுக்க வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டப்படி, நாமே வேறு கம்பெனியில் பாலிசி எடுத்துக் கொடுக்கலாம். நல்ல உரிமைதான். அந்தப் புரோக்கர் இதைச் சொல்லித்தான் எங்களிடம் வந்தார். கோவிலில் பல வருடப் பழக்கம். "அக்கா, பேங்க் சொல்றதைவிட மாசம் இருநூறு ராண்ட் கம்மியா முடிச்சுத் தரேன்" என்றார். முடித்தும் தந்தார்.

பேங்க் தந்த காகிதத்தில் இன்சூரன்ஸ் தொகை 16 லட்சம். இவர் போட்டது 8,50,000. என் கணவர் நேராகவே கேட்டார், "இவ்வளவு குறைவாக இருக்கிறதே, சரியா?" என்று. "பேங்க் கடனுக்கு ஈடு வந்தாப் போதும் அண்ணா, மீதி எல்லாம் வீண் செலவு." இதுதான் அவர் சொன்ன பதில். அது பொய். தொழில் தெரிந்த ஒருவர் தெரிந்தே சொன்ன பொய் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு இரவு அடித்த காற்றில் கூரையில் பாதி போய்விட்டது. உள்ளே மழை இறங்கி சீலிங், வயரிங், சமையலறைக் கப்போர்டு எல்லாம் பாழ். சேதம் 1,80,000 ராண்ட் என்று கம்பெனி அனுப்பிய அசெசரே (சேதத்தை மதிப்பிடுபவர்) கணக்கிட்டார். கையோடு இன்னொரு கணக்கும் போட்டார்: இந்த வீட்டை முழுவதும் திரும்பக் கட்ட 17 லட்சம் ஆகும். நீங்கள் இன்சூர் செய்தது அதில் பாதி. ஆகவே எந்தச் சேதத்துக்கும் பாதிதான் கிடைக்கும். இதை 'ஆவரேஜ்' விதி என்கிறார்கள். 90,000 ராண்டில் எக்ஸஸையும், அதாவது நாமே ஏற்க வேண்டிய பங்கையும், கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். சேதம் 8,50,000-க்கு உள்ளேதானே, முழுசாக வரும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வராது. சின்னச் சேதமானாலும் அதே விகிதத்தில்தான் வெட்டுவார்கள்.

வாங்கிய விலையைவிடக் கட்டும் செலவு எப்படி அதிகமாகும் என்று கேட்பீர்கள். பழைய கவுன்சில் வீடுகள் பலவற்றுக்கு அஸ்பெஸ்டாஸ் கூரை. 2020-இல் வந்த விதிகளின்படி அதை யார் வேண்டுமானாலும் கழற்றிப் போட்டுவிட முடியாது. அதற்கென்று பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர் வர வேண்டும். இடிபாடு அகற்றும் செலவு, இன்ஜினியர் கட்டணம், பிளான் அனுமதி, எல்லாவற்றுக்கும் மேல் 15 சதவீத வாட். இவை எதுவும் விற்பனை விலையில் தெரியாது.

இப்போது வீடு தேடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுவார்கள். 8.25 சதவீதத்தில் இருந்த ரிசர்வ் பேங்க் வட்டி 2024 செப்டம்பரிலிருந்து இறங்கி, 2025 நவம்பரில் 6.75-க்கு வந்தது. 2025 ஏப்ரல் முதல் 12,10,000 ராண்ட் வரை டிரான்ஸ்ஃபர் டியூட்டி, அதாவது வீட்டைப் பெயர் மாற்றும்போது கட்டும் வரி, கிடையாது. கேப்டவுன் மாதிரி இங்கே விலை ஏறவும் இல்லை. அதனால் வாடகையில் இருக்கும் பிள்ளைகள் துணிந்து வாங்குகிறார்கள்; வாங்கட்டும், சந்தோஷம்தான். ஆனால் வீடு மலிவாகக் கிடைக்கும் ஊரில்தான் விலைக்கும் கட்டும் செலவுக்கும் உள்ள இடைவெளி பெரிது. 2022 ஏப்ரல் வெள்ளத்தையும், 2024 ஜூனில் டொங்காட்டைச் சூறையாடிய சுழற்காற்றையும் பார்த்த கடற்கரை இது. இங்கே அந்த இடைவெளியோடு இருப்பது ஆபத்து.

ஆகவே பாலிசி விவரங்கள் உள்ள ஷெட்யூலைக் கையில் வாங்கி, தொகை எந்தக் கணக்கில் வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். பாண்டு தொகையோ வாங்கிய விலையோ அப்படியே இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மண்சரிவும் தாங்கு சுவரும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், சரிவில் கட்டிய வீடுகள்தானே இங்கே நிறைய. பின்னால் இருக்கும் அவுட்பில்டிங்குக்குக் கவுன்சில் ஒப்புதல் பெற்ற பிளான் உண்டா என்று விற்பவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் கிளெய்ம் நேரத்தில் அதுவே வம்பாகும். கலவரச் சேதத்தைச் சாதாரண பாலிசி ஏற்காது, அதற்கு அரசின் கலவர இன்சூரன்ஸ் கம்பெனியான சஸ்ரியாவின் பாதுகாப்பு வேண்டும். 2021 ஜூலைக் கலவரத்தைப் பார்த்த நமக்கு அதைத் தனியாக விளக்கத் தேவையில்லை. ஃபிளாட் என்றால் கட்டட இன்சூரன்ஸ் பாடி கார்ப்பரேட், அதாவது ஃபிளாட் உரிமையாளர்கள் அமைப்பின், பொறுப்பு, அவர்களுடைய பாலிசியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

புரோக்கர் தந்த ஆலோசனைக்கு எழுத்துப் பதிவு இருக்க வேண்டும் என்பது சட்டம். அதைக் கேட்டபோது எங்கள் ஆள் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். அவர்மேல் நிதி ஆலோசகர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ஃபைஸ் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுத்திருக்கிறோம், கட்டணம் கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனியின் முடிவே தவறு என்றால், முடிவு வந்ததிலிருந்து 90 நாளுக்குள் கம்பெனிக்கே மறுப்பு எழுதலாம். அதுவும் பலிக்காவிட்டால் 2024 மார்ச்சில் தொடங்கிய தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம். அதற்கும் செலவில்லை. கோவில் பழக்கத்தில் இதே போல மலிவாக பாலிசி எடுத்தவர்கள் சாட்ஸ்வொர்த்தில் இன்னும் இருப்பார்கள். இன்று இரவே ஷெட்யூலை எடுத்து, அதில் உள்ள தொகையைப் பாண்டு தொகையோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நாளைக் காலையே கம்பெனிக்குப் போன் செய்து, திரும்பக் கட்டும் செலவுக்கு மாற்றச் சொல்லுங்கள்.