எக்ஸ்-ரேயில் தெரியும் அறுவைத் துணி: இழையா, நாரா, சிப்பா? காப்புரிமை ஆய்வில் எது நிற்கும்?

வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில், ரத்தத்தில் ஊறிய காஸ் துணிக்கும் பக்கத்திலிருக்கும் குடலுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் போய்விடும். அதனால்தான் தொடங்கும்போதும், இடையிலும், தைத்து மூடுவதற்கு முன்பும் செவிலியர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணியும் தவறுகிறது. அதுல் கவாண்டே குழுவினர் 2003-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்ட ஆய்வில், உடலுக்குள் விடுபட்ட பொருள்களில் 69 சதவீதம் இந்தத் துணி, பஞ்சு வகைகள்தான். எண்ணிக்கை நடந்தும் பொருள் விடுபட்ட நோயாளிகளில் 88 சதவீதம் பேருக்குக் கடைசிக் கணக்கு சரி என்றே முடிந்திருந்தது. கணக்கு கைவிட்ட இடத்தில் மிஞ்சுவது எக்ஸ்-ரே. பஞ்சு அதில் தெரியாது. தெரிய வைப்பதற்கான வழிகள் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. காப்புரிமை அலுவலகங்களுக்கும் வந்து சேர்கின்றன.

முதல் வழி பழையது, இன்றும் பரவலானது. பேரியம் சல்பேட் கலந்த பிளாஸ்டிக் இழை ஒன்றைக் காஸ் துணியில் நெய்துவிடுவது, அல்லது சூடேற்றி ஒட்டுவது. எக்ஸ்-ரேயை உறிஞ்சும் திறன் அணு எண்ணின் மும்மடியை ஒட்டி ஏறுகிறது. பஞ்சில் இருக்கும் கார்பனுக்கு 6, ஆக்சிஜனுக்கு 8, எலும்பின் கால்சியத்துக்கு 20, பேரியத்துக்கோ 56. கரையும் பேரியம் உப்புகள் நஞ்சு என்றாலும், பேரியம் சல்பேட் நீரில் கிட்டத்தட்ட கரைவதே இல்லை என்பதால் உடலுக்குள் பயன்படுத்த முடிகிறது. இவ்வளவும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தெரிந்த சேதி. ஆகவே 'எக்ஸ்-ரேயில் தெரியும் உறிஞ்சு துணி' என்று மட்டும் எழுதி வரும் விண்ணப்பம் முதல் பார்வையிலேயே விழுந்துவிடும், விழவும் வேண்டும். எல்லோரும் காலங்காலமாகப் பயன்படுத்தும் ஒரு பாதுகாப்புப் பொருளை ஒருவர் வேலிபோட்டுக் கொள்ள விடக்கூடாது.

விண்ணப்பதாரர் அடுத்துச் செய்வது அளவைக் குறுக்குவது. பாலிப்ரொப்பிலீன் இழை, அதில் எடையில் 55 முதல் 65 சதவீதம் பேரியம் சல்பேட், சூட்டால் ஒட்டியது என்று ஒரு கோரல் (எதற்குக் காப்புரிமை வேண்டும் என்று வரையறுக்கும் வாசகம்) வருகிறதென வைத்துக்கொள்வோம். காப்புரிமை அலுவலக ஆய்வாளர் முதலில் தேடுவது ஏ61எஃப் 13/44 என்ற காப்புரிமை வகைப்பாட்டில். எக்ஸ்-ரே குறி உள்ள உறிஞ்சு பொருள்களுக்கென்றே உள்ள பெட்டி அது. நல்ல ஆய்வாளர் அங்கேயே நின்றுவிட மாட்டார். வடிகுழாய்களுக்கான ஏ61எல் 29/18, பிற அறுவைப் பொருள்களுக்கான ஏ61எல் 31/18, நார் தயாரிப்புக்கான டி01எஃப் 1/10 ஆகியவற்றையும் புரட்டுவார். 40 முதல் 70 சதவீதம் என்று சொல்லும் பழைய ஆவணம் ஒன்று கிடைத்துவிட்டால் ஐரோப்பிய அலுவலகமும் அமெரிக்க அலுவலகமும் வேறு வேறு பாதையில் போகும். ஐரோப்பாவில் முதல் கேள்வி புதுமை பற்றியது: குறுக்கிய வரம்பு போதிய அளவு ஒடுக்கமா, பழைய எடுத்துக்காட்டுகளிலிருந்து தள்ளி நிற்கிறதா? அமெரிக்காவில் வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலே துறை அறிந்தவர் எளிதில் எட்டக்கூடியது என்று முதலில் முடிவுகட்டிவிடுவார்கள். எதிர்பாராத விளைவு அந்த வரம்பு முழுக்கக் கிடைக்கிறது என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரர் தலையில். 60 சதவீதத்தில் எடுத்த ஒரே ஒரு அளவீட்டை வைத்துக்கொண்டு அங்கே தப்ப முடியாது.

சிலர் பேரியத்தை விட்டு டங்ஸ்டனுக்குத் தாவுகிறார்கள். அணு எண் 74, ஆகவே இன்னும் நன்றாகத் தெரியும் என்பது வாதம். இங்கே ஆய்வாளர் இயற்பியலைக் கொஞ்சம் ஊன்றிப் பார்க்க வேண்டும். பேரியத்தின் கே-விளிம்பு, அதாவது உறிஞ்சுதல் திடீரென்று எகிறும் ஆற்றல், 37.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட், டங்ஸ்டனுக்கு 69.5. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஆற்றலில், அதாவது வயிற்று எக்ஸ்-ரேயின் கதிர்களில் பெரும்பங்கு இருக்கும் இடத்தில், எடைக்கு எடை பேரியமே அதிகம் உறிஞ்சுகிறது. டங்ஸ்டன் ஜெயிப்பது கன அளவில்: அதன் அடர்த்தி 19.3, பேரியம் சல்பேட்டின் அடர்த்தி 4.5. அதே தெளிவுக்கு மிக மெல்லிய இழை போதும் என்று சொன்னால் அது நேர்மையான, காப்பாற்றக்கூடிய வாதம். 'கனமான உலோகம், அதனால் பளிச்சென்று தெரியும்' என்று மட்டும் சொன்னால், டங்ஸ்டன் கலந்த வடிகுழாய் ஒன்றை ஆய்வாளர் பக்கத்தில் வைத்துவிடுவார், கதை முடிந்தது.

இரண்டாவது வழி, தனி இழையே வேண்டாம், நாருக்குள்ளேயே பேரியம் சல்பேட்டைக் கலந்துவிடலாம் என்பது. விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து செய்யும் செயற்கை நார்) கரைசலில் தூளைக் கலந்து நாராக இழுத்தால் துணி முழுக்கவே படத்தில் தெரியும். கழன்று விழ இழையே இல்லை என்பது நிஜமான நன்மை. ஆனால் படம் பார்ப்பவருக்கு வெண்மை மட்டும் போதாது, வடிவமும் வேண்டும். வளைந்து சுருண்ட இழை உடலில் இயல்பாக இருக்கும் எதையும் போல் இராது, பார்த்தவுடன் பிடிபடும். துணி முழுக்கப் பரவிய மங்கலான வெண்மை, சுண்ணாம்புப் படிவு என்றோ படம் தெளிவாக விழக் கொடுத்துக் குடலில் தங்கிய மாறுபாட்டு மருந்து என்றோ தோன்றலாம். என்னைக் கேட்டால் நோயாளிக்கு இழைதான் நல்லது.

ஆயினும் காப்புரிமை ஆய்வில் நார் வழிக்கு இழையைவிடக் கொஞ்சம் அதிக இடம் இருக்கிறது. தூளை ஏற்ற ஏற்ற நார் முறியும், உறிஞ்சும் திறன் குறையும் என்பது துறையில் தெரிந்த தடை. அதைத் தாண்டியதாகக் காட்டினால் புத்தாக்கப் படி (துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாத முன்னேற்றம் என்ற தகுதி) கிடைக்க வழியுண்டு. காட்டும் தரவில்தான் கண் வேண்டும். ஐரோப்பிய மருந்து நூல் (மருத்துவப் பொருள்களின் தரம் வகுக்கும் நூல்) உறிஞ்சு பஞ்சுக்கு இரண்டு சோதனை வைத்திருக்கிறது: 10 வினாடிக்குள் நீரில் மூழ்க வேண்டும், ஒரு கிராமுக்குக் குறைந்தது 23 கிராம் நீரைத் தாங்க வேண்டும். பேரியம் ஏற்றிய நார் கனமானது. மூழ்கும் நேரம் குறைந்ததென்றால் நீரை நன்றாக ஈர்த்ததால் குறைந்ததா, எடை இழுத்ததால் குறைந்ததா? அந்த ஒரு எண்ணை மட்டும் காட்டி 'உறிஞ்சுதல் மேம்பட்டது' என்று வரும் விண்ணப்பத்தில், நீர் தாங்கும் அளவைக் கேட்காமல் விடுவது ஆய்வாளரின் தவறு.

மூன்றாவது, துணியில் ரேடியோ அலைச் சிப்பைத் தைத்துவிடுவது. கதிர்வீச்சு இல்லாமலே, மூடுவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். யூஎச்எஃப் என்ற மிக உயர் அதிர்வெண் அலைகளை உடல் நீர் விழுங்கிவிடும் என்பதால் 13.56 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் இங்கே தோதானவை. மருத்துவப் பயனில் இது பெரிய முன்னேற்றம், மறுப்பதற்கில்லை. காப்புரிமைச் சிக்கல் வேறு இடத்தில். பலர் சிப்பையும் பேரியம் இழையையும் ஒரே துணியில் வைத்து, இரண்டையும் சேர்த்ததே கண்டுபிடிப்பு என்கிறார்கள். ஐரோப்பிய ஆய்வு வழிகாட்டியில் இதற்கென்றே ஓர் எடுத்துக்காட்டு உண்டு: தெரிந்த இறைச்சி அரைக்கும் இயந்திரத்தையும் தெரிந்த சாஸேஜ் நிரப்பும் இயந்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது, ஏனெனில் இரண்டும் தத்தம் வேலையையே செய்கின்றன. சிப்பும் இழையும் அப்படியே. சிப்பின் ஆன்டெனாக் கம்பியே நெய்யப்பட்டு எக்ஸ்-ரே குறியாகவும் வேலை செய்தால், ஒன்று மற்றதைத் தாங்குகிறது. அப்போது பேச்சு மாறும்.

துணியைக் கோராமல் கண்டறியும் முறையைக் கோருபவர்களுக்கு இன்னொரு தடை. ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 53(சி) பிரிவு அறுவை முறைகளுக்குக் காப்புரிமை தராது; ஐரோப்பிய அலுவலகத்தின் விரிவாக்க மேல்முறையீட்டு வாரியம் 2010-இல் தந்த ஜி 1/07 முடிவின்படி, உடலுக்குப் பெரிய ஆபத்துள்ள ஊடுருவும் செயல் ஒரு படியாக இருந்தாலே போதும், கோரல் விழும். அமெரிக்காவில் அத்தகைய முறைக்குக் காப்புரிமை கிடைக்கும், ஆனால் அந்நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 287(சி) பிரிவால் மருத்துவர்மேல் வழக்குப் போட்டு ஈட்டுத்தொகை வாங்க முடியாது. எனவே பொருளைக் கோருவதே உறுதி.

மறுபடி இழைக்கே வருகிறேன், ஏனெனில் உண்மையான புதுவேலைக்கு அங்கே இன்னும் இடமிருக்கிறது. சூட்டால் ஒட்டும்போது உருகிய பிளாஸ்டிக் துணியின் துளைகளை அடைத்துவிடுகிறது; அந்தப் பட்டை உறிஞ்சாது, விறைப்பாகி மென்திசுவை உரசும். ஒட்டுதலைக் குறைத்தால் 134 டிகிரி நீராவிக் கிருமிநீக்கத்துக்குப் பிறகு இழை பிரியும். இடைவெளி விட்டு ஒட்டி, பிரிக்கத் தேவைப்படும் விசை, அந்தப் பட்டையின் உறிஞ்சுதல், உதிரும் நாரின் அளவு மூன்றையும் முழுநீளம் ஒட்டிய பழைய துணியோடு ஒப்பிட்டுக் காட்டும் விண்ணப்பம் எந்த அலுவலகத்திலும் தாக்குப்பிடிக்கும். அந்த இடைவெளியின் அளவும் மாற்று அளவுகளும் தாக்கல் செய்யும் நாளிலேயே விவரக்குறிப்பில் இருந்தாக வேண்டும். ஐரோப்பாவில் அதே உடன்படிக்கையின் 123(2) பிரிவு பிறகு எதையும் உள்ளே சேர்க்க விடாது.